நேரும் நிகரும்

'நேர்' என்னும் சொல்லைத் தமிழர் இரண்டு பொருளில் ஆள்வர். கோணல் இல்லாதது நேர். ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்பதும் நேர். 'நேராக நட' என்கிறோம்; 'அவனுக்கு நேர் யார்?' என்றும் கேட்கிறோம். வளைவின்மையையும் ஒப்புமையையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர் இவ்விரண்டும் ஒன்றே என்று கருதினார்களா, அல்லது ஒன்றை மற்றொன்றாக மயங்கிக் கொள்ளும் மனித இயல்பைத்தான் அச்சொல் காட்டிக் கொடுக்கிறதா என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதன் முன்கால்கள் இரண்டையும் மீண்டும் பொருத்த முனையும் ஒருவருக்கு இவ்வினா சொல்லாராய்ச்சியாக வருவதில்லை. எண்ணெய்க் கறை படிந்த கையும் ஸ்பானருமாக நிற்கும்போது அது எதிரே வந்து நிற்கிறது. இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று நிகராக இருக்கின்றன. அதனாலேயே அவை நேராக இருக்கின்றனவா?

இயந்திரங்களில் நாட்டமில்லாத வாசகர் இவ்விடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கேட்கப்படுவது இரும்பைப் பற்றி என்றாலும் பதில் சொல்ல வேண்டியவர் மனிதர். முதலில் பொருளைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் அமைப்பை ஃபோர்க் என்கிறோம். எஃகாலான உள்குழாய்கள் இரண்டு. அவற்றை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாங்கிகள் இறுகப் பிடித்திருக்கும். கீழ்த் தாங்கியோடு பிணைந்து மேல்நோக்கி எழும் தண்டு, வண்டிச் சட்டத்தின் கழுத்துக்குள் நுழைந்து இரும்புக் குண்டுகளின் மேல் சுழலும். அந்தக் குண்டுகள் அமரும் கிண்ணங்களைத்தான் நம் பட்டறைகளில் கோன் செட் என்கிறார்கள். நாம் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது முன்பாகம் முழுவதும் திரும்புவது இந்தத் தண்டைச் சுற்றியே. உள்குழாய்களின் கீழ்ப்பகுதியில் வெளிக்கால்கள் இரண்டு உறைபோல் செருகப்பட்டு, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் துணையாலும் எண்ணெயின் துணையாலும் ஏறி இறங்கும். அக்கால்களின் அடியைச் சக்கரத்தின் அச்சு குறுக்கே பிணைக்கிறது.

எண்ணெயின் உதவியால் அதிர்ச்சியை அடக்கும் இவ்வகை ஃபோர்க்கை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935ஆம் ஆண்டில் விற்பனை வண்டிகளில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941இல், பிரிட்டிஷ் ராணுவத்துக்கான மேட்ச்லெஸ் வண்டிகளில் அது இடம்பெற்றது. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் பெரும்பாலான வண்டிகள் பழைய கர்டர் ஃபோர்க்கைக் கைவிட்டு இதற்கு மாறின. 1949ஆம் ஆண்டின் புல்லட்டும் இத்தகைய ஃபோர்க்குடன்தான் வெளிவந்தது. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1955இல் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்த பிறகு, திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் வழியாக இந்த இரட்டைக் குழாய்கள் நம் தெருக்களுக்கும் உரிமையாயின. இங்கிலாந்தில் அவ்வண்டிகளின் உற்பத்தி 1970இல் நின்றுபோனது, இங்கே நிற்கவில்லை. ஆகவே ஐம்பது, அறுபது வயதான புல்லட்டைப் புதுப்பித்து ஓட்டும் ஆசை நம் நாட்டில் சீமைப் பொருள் மோகம் மட்டுமன்று. பலருக்கு அது தகப்பனார் ஓட்டிய வண்டி.

இனி வினாவுக்கு வருவோம். ஃபோர்க்கின் இரு கால்களும் ஏறி இறங்கும் தூரம் முழுவதிலும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாக வேண்டும். மயிரிழை விலகினாலும் உள்ளே இருக்கும் புஷ்கள் குழாயைக் கடித்துக்கொள்ளும். அப்போது சிறு பள்ளங்களில் ஃபோர்க் அசையாது. அதிர்ச்சி நேரே மணிக்கட்டுக்கு வரும். பெரிய பள்ளத்தில் விழும்போது பிடித்திருந்தது சட்டென்று விடுபட்டு முன்பாகம் மொத்தமும் அமிழும். ஆயில் சீல் ஒருபக்கமாகத் தேய்ந்து எண்ணெய் கசியும். இவையெல்லாம் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது தெரிவதில்லை. பளபளக்கும் குரோமும் கறுப்பு வண்ணமும் அதன்மேல் கையால் இழுத்த பொன்னிறக் கோடும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

வண்டி சரிந்து விழுந்தபின் நம்மவர்கள் செய்யும் முதல் வைத்தியத்தை அனைவரும் பார்த்திருப்போம். முன்னே போய் நின்று, சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு திருகு திருகுவார்கள். கோணலாக நின்ற கைப்பிடி சக்கரத்துக்கு நேராக வந்துவிடும். கையைத் தட்டிவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். இதை முழுவதும் பழிப்பதற்கில்லை. தாங்கிகள் குழாய்களைப் பிடித்திருப்பது வெறும் இறுக்கத்தால்தான். விழுந்த வேகத்தில் ஒரு குழாய் சிறிது முன்னும் மற்றது சிறிது பின்னுமாக நகர்ந்திருந்தால், அந்தத் திருகல் அவற்றைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தும் விடலாம். ஆனால் குழாயே வளைந்திருந்தால்? அப்போதும் அதே திருகல் கைப்பிடியையும் சக்கரத்தையும் ஒரே திசை பார்க்க வைத்துவிடும். நோய் இருந்த இடத்திலேயே இருக்க, நோயின் குறி மட்டும் மறைந்துபோகும்.

அறிந்த மிஸ்திரிகள் இதனால்தான் கண்ணை நம்புவதில்லை. சக்கரத்தையும் மட்கார்டையும் வெளிக்கால்களையும் கழற்றிவிட்டு, வெறுமையாக நிற்கும் உள்குழாய்கள் இரண்டின்மீதும் குறுக்காகத் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைப்பார்கள். இரண்டு குழாய்களும் ஒரே தளத்தில் இருந்தால் கண்ணாடி அசையாமல் படியும். ஒன்று திருகியிருந்தால் ஒரு மூலை எழுந்து நிற்கும். விரலால் தட்டினால் 'டக் டக்' என்று ஆடும். எழுந்த மூலையின் கீழே காகிதத்தைச் செருகிப் பார்ப்பார்கள். எழுதும் தாளின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுப் பிழையையும் கண்ணாடி மறைக்காமல் சொல்லிவிடும். கண்ணாடிக்கு இந்தத் தகுதி எப்படி வந்தது? முன்பெல்லாம் தட்டைக் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துச் சமன்செய்தார்கள். உருகிய கண்ணாடியை உருகிய ஈயத்தின்மேல், ஆம், வெள்ளீயத்தின்மேல், மிதக்கவிட்டுத் தானே சமனாக உறையச் செய்யும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இன்று தெருமுனைக் கண்ணாடிக் கடையில் வெட்டித் தரும் துண்டுகூட ஒரு காலத்தில் கருவிச்சாலைகள் மட்டுமே வைத்திருந்த சமனை உடையது.

கண்ணாடி படிந்துவிட்டது, ஆடவில்லை. வேலை முடிந்ததா? பலர் இங்கே முடித்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

வண்டி எதிரே இருந்த சுவரிலோ மாட்டுவண்டியின் பின்புறத்திலோ நேருக்கு நேர் மோதியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழாய்களும் சமமாக அடி வாங்கும். சமமாகவே பின்னோக்கி வளையும். அவற்றின் மேல் கண்ணாடியை வைத்தால் அது அமைதியாகப் படியக்கூடும். ஏனெனில் கண்ணாடி சொல்லும் சாட்சியம் ஒன்றே ஒன்று: இவ்விரண்டும் தம்முள் ஒத்திருக்கின்றன. அவை ஒத்திருப்பது நேரிலா, கோணலிலா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டும். ஃபோர்க்கில் அந்த மூன்றாவது, நடுவே சுழலும் தண்டு. பெரும்பாலான பழைய வண்டிகளில் பக்கவாட்டிலிருந்து நோக்கினால் குழாய்கள் அத்தண்டுக்கு இணையாக ஓட வேண்டும். குழாய்கள் இரண்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாலும், தண்டை நோக்கி நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த விலகலால் என்ன கேடு என்று கேட்கலாம். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தானே திரும்பி, தன் சுழற்சித் தண்டுக்குப் பின்னால் இழுபட்டு வரும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் அதே குணமுடையது. சுழலும் தண்டின் கோட்டைக் கற்பனையாகத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது வந்து விழும். அந்தச் சிறு இடைவெளிதான் கையைத் தளர்த்தினாலும் வண்டியை நேரே போக வைப்பது. குழாய்கள் பின்னோக்கி வளைந்தால் அந்த இடைவெளி மாறும்; இரு சக்கரங்களுக்கும் இடையேயுள்ள நீளம் குறையும். வண்டியை ஆக்கியவர் அதற்கு அளித்த குணம் போய், விபத்து அளித்த குணம் வந்து சேரும். அதன்மேல் ஏறுபவருக்கு அது தெரிந்திருக்காது. மழைநாளில், வளைவில், பிரேக்கை அழுத்தும் கணத்தில் அவர் தெரிந்துகொள்ள நேரும்.

இரண்டின் ஒப்பு உண்மைக்குச் சான்றாகாது என்பதைப் பொறியியல் உலகம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அறிந்திருக்கிறது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த் என்பவர், முழுச் சமனான இரும்புத் தட்டு ஒன்றை ஆக்குவது எவ்வாறு என்பதை 1840ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் கூடிய அறிவியலாளர் பேரவையில் விளக்கினார். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, மெல்லிய வண்ணம் பூசி, மேடான இடங்களைச் சுரண்டிச் சுரண்டிக் கொண்டே போனால் ஒரு நிலையில் அவை இம்மியும் இடைவெளியின்றிப் படியும். ஆனால் ஒன்று குடம்போல் புடைத்தும் மற்றொன்று கிண்ணம்போல் குழிந்தும் இருந்தால்கூட அவை அப்படித்தான் படியும். ஆகவே மூன்றாவது தட்டு வேண்டும். புடைத்த தட்டோடு மூன்றாவதையும் பொருந்தச் செய்தால் அதுவும் குழியும். இப்போது குழிந்த இரண்டையும் முகத்தோடு முகம் வைத்தால் விளிம்புகள் தொடும். நடுவே வெற்றிடம் தெரியும். மூன்றில் எந்த இரண்டை எடுத்துப் பொருத்தினாலும் படிய வேண்டும் என்ற நிபந்தனை வந்துவிட்டால், மூன்றும் சமனாவதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது மற்றொன்று. அந்த மூன்று தட்டுகளில் எதுவும் தொடக்கத்தில் சமனானது அன்று. குற்றமற்ற அளவுகோல் ஒன்று கையில் கிடைத்த பின்னரே குற்றத்தைத் திருத்த முடியும் என்று நாம் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விட்வொர்த்தின் தட்டுகளோ மூன்றும் குறையுடையவை. மூன்றும் ஒன்றின் சோதனைக்கு மற்றொன்று மறைக்காமல் முகங்கொடுத்தன, அவ்வளவே.

வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதன்று. சிட்டாவும் பேரேடும் காசு பிசகாமல் ஒத்திருக்கின்றன என்று கணக்குப்பிள்ளை மகிழ்ந்து சொல்வார். ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதினால் ஒத்துத்தானே இருக்கும்? அனுபவமுள்ள முதலாளி இரண்டையும் மூடி வைத்துவிட்டுக் கிட்டங்கிக்குப் போய் மூட்டைகளை எண்ணுவார். மூட்டைக்கு எழுதத் தெரியாது. ஆகையால் யாரையும் பார்த்து எழுதவும் தெரியாது.

குடும்பங்களில் இது இன்னும் கூர்மையாக வெட்டும். தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் அண்ணனும் தம்பியும் சண்டை சச்சரவின்றிப் பிரித்துக்கொண்டார்கள் என்றால் ஊர் பாராட்டும். இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டா என்று பெரியவர்கள் வியப்பார்கள். அளந்தால் இருவர் பங்கும் ஓரடி கூடாமல் குறையாமல் இருக்கும். ஆனால் கலியாணம் செய்து கொடுத்துவிட்டோமே என்று, உரிய பங்கு தரப்படாமல் மறுவீட்டில் இருக்கும் சகோதரி ஒருத்தி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அவளைப் பத்திரம் எழுதிய அறைக்குள் அழைத்து உட்கார வைத்திருந்தால், சகோதரர்களின் அந்த ஒற்றுமை எத்தகையது என்பது அங்கேயே விளங்கியிருக்கும். ஒற்றுமை நல்லதுதான். எதில் ஒற்றுமை என்று கேட்பதை மட்டும் நாம் பெரும்பாலும் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம்.

மீண்டும் பட்டறைக்கு வருவோம். குழாய்கள் ஐயத்துக்கு உரியவை என்றால், அவற்றைத் தாங்கியிலிருந்து உருவி வெளியே எடுப்பதே முறை. எடுத்த குழாயைக் கண்ணாடியின்மேல் மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். அல்லது லேத் பட்டறையில் இரண்டு வி பிளாக்குகளின்மேல் கிடத்தி, டயல் கேஜின் முள்ளைத் தொடவைத்துச் சுழற்ற வேண்டும். பல கையேடுகள் முள்ளின் ஆட்டம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கின்றன. இங்கே குழாயைச் சோதிப்பது வேறொரு குழாயன்று. அதே குழாயின் மறுபக்கம். கொத்தனார்கள் ரசமட்டத்தைச் சோதிப்பதும் இவ்வாறே. சுவரில் வைத்துக் குமிழியைப் பார்த்தபின், மட்டத்தை இடம் வலமாகத் திருப்பி அதே இடத்தில் வைப்பார்கள். குமிழி முன்போலவே நடுவில் நின்றால் மட்டம் மெய்யானது. விலகினால் கோணல் சுவரிலன்று, கருவியில் இருக்கிறது. திருப்பி வைத்துப் பார்க்கும் இச்சோதனையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதற்கு மறுபடியும் வருவோம்.

சோதனை முடிந்தபின் கிடைக்கும் தீர்ப்புகள் இரண்டு. குழாய் தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது. அல்லது குழாயே வளைந்திருக்கிறது. இவற்றின் வேறுபாட்டை அறிவதில்தான் தொழிலின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. நகர்ந்ததற்குப் பலவந்தம் வேண்டியதில்லை, தளர்த்தல் போதும். தாங்கியின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் குழாய் ஏறத்தாழத் தானாகவே தன் இடத்துக்கு வரும். வளைந்ததற்குத் தளர்த்தல் பயனில்லை. எத்தனை போல்ட்டைத் தளர்த்தினாலும் வளைவு வளைவாகவே இருக்கும். அதைப் பிரஸ்ஸில் வைத்துக் குளிர்நிலையிலேயே மெல்ல மெல்ல அழுத்தி நிமிர்த்தலாம். சிறு வளைவுக்கு அது தகும். நெருப்பில் காட்டி நிமிர்த்தினால் எஃகின் வலிமை கெடும். மடிந்து சுருக்கம் விழுந்த குழாயை எந்தக் கைதேர்ந்தவரும் நிமிர்த்தக் கூடாது. வளைந்ததைத் தளர்த்திக்கொண்டும், நகர்ந்ததைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டும் காலம் கழிப்பவர்கள் பட்டறையில் மட்டுமா இருக்கிறார்கள்? பிள்ளை வளர்ப்பவர்களிடத்தும் பள்ளிக்கூடம் நடத்துபவர்களிடத்தும் இக்குழப்பத்தை நாள்தோறும் காண்கிறோம்.

குழாய்கள் நேர் என்று உறுதியான பிறகு பூட்டும் வேலை. இதில் ஓர் அழகிய ஒழுங்கு உண்டு. எல்லாவற்றையும் கோத்து, தாங்கிகளின் போல்ட்டுகளையும் அச்சின் ஒருபக்கப் பிடியையும் இறுக்காமல் விட்டுவைக்க வேண்டும். சக்கரத்தைப் போட்டு அச்சின் நட்டை மட்டும் முடுக்க வேண்டும். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பாகத்தை நாலைந்து முறை அழுத்தி விட வேண்டும். ஒவ்வொரு முறை அமிழ்ந்து எழும்போதும் கால்கள் தமக்குரிய இடத்தைத் தாமே தேடிக்கொள்ளும். அதன்பின் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். அவசரக்காரர்கள் முதலில் மேலே இறுக்கிவிட்டுப் பிறகு கீழே அச்சைச் செருகப் பார்ப்பார்கள், துளை ஒத்துவராது, சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். அடித்து ஏற்றிய அச்சு இரண்டு கால்களையும் ஒன்றை நோக்கி ஒன்றை இழுத்துக்கொண்டேயிருக்கும். மட்கார்டும் இதே பாவத்தைச் செய்யக்கூடியது. அதன் தாங்குகம்பிகள் சிறிது குறுகலாக இருந்து, போல்ட்டைப் பூட்டுவதற்காகக் காலை உள்ளே தள்ளிப் பிடித்தால், அதுவரை செய்த வேலை அனைத்தும் வீணே. கம்பியை வளைத்துக் காலுக்குப் பொருத்த வேண்டுமேயன்றி, காலை வளைத்துக் கம்பிக்குப் பொருத்தலாகாது. கடைசியாக, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் பின் சக்கரத்தின் இருபுறமும் நூலை முன்னே இழுத்துப் பிடித்து, முன் சக்கரம் இரு நூல்களுக்கும் சம இடைவெளியில் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

இத்தனையையும் செய்ய ஒரு நாள் ஆகும். செய்யாமல் விட்டாலும் வண்டி ஓடும். இங்கேதான் அறம் பற்றிய வினா எழுகிறது.

மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பைத் தத்துவ விசாரணைக்கு உரியதாக்கிய புகழ் அமெரிக்கரான ராபர்ட் பர்சிக்கைச் சேரும். 1968இல் தம் மகனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு அவர் செய்த நெடும்பயணம் 1974இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. தாம் ஓட்டும் வண்டியைத் தாமே பேணும் மனிதரின் மனநிலையே அவருடைய அக்கறை. அது உயர்ந்ததே. ஆயினும் எனக்குக் கடினமாகத் தோன்றுவது அதற்கு அடுத்த வினா. தாம் ஓட்டப் போகாத வண்டியை, முகம் தெரியாத ஒருவர் ஓட்டப்போகும் வண்டியைப் பூட்டுகிறவர் எப்படிப் பூட்ட வேண்டும்? தன் உயிருக்குப் பயந்து ஒருவர் கவனமாக இருப்பதற்கு அறநூல் தேவையில்லை.

பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்பவர்கள் கூறும் சமாதானங்கள் பல. அவற்றுள் மூன்றைக் கேட்டிருக்கிறேன். 'இந்த வண்டியில் யார் வேகமாகப் போகப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை எடுத்துத் துடைத்து வைப்பார்கள்' என்பது ஒன்று. வாங்குபவர் எவ்வளவு வேகத்தில் போவார் என்று விற்பவர் முடிவு செய்வது விந்தையே. இரண்டாவது, 'கேட்டால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை' என்பது. ஃபோர்க் குழாய் நிமிர்த்தப்பட்டதா என்று கேட்கத் தெரிந்தவர் வாங்க வருபவரில் நூற்றில் எத்தனை பேர்? கேட்கத் தெரியாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது, பூட்டாத வீட்டை அழைப்பாகக் கொள்வது போன்றது. மூன்றாவது சமாதானம் சற்றுக் கௌரவமானது. 'அசல் உதிரிப்பாகம் அது, ரெட்டிச்சிலிருந்து வந்தது, அதை எறிந்துவிட்டுப் புதுக்குழாய் போட்டால் வண்டியின் பழமை போய்விடும்' என்பார்கள். பழமையின்மேல் எனக்கும் பற்று உண்டு. நகல் பாகங்களால் நிரப்பிய பழைய வண்டியைப் பழையது என்று அழைப்பது தகுமா என்பதும் நியாயமான வினாவே. ஆனால் டாங்கியின் பழமை வேறு, ஃபோர்க் குழாயின் பழமை வேறு. டாங்கியில் நெளிவு இருந்தால் கண்ணுக்கு உறுத்தும். குழாயில் வளைவு இருந்தால் ஓட்டுபவரின் மண்டை உடையும். நிமிர்த்தக்கூடிய வளைவு என்றால் நிமிர்த்தி, நிமிர்த்தியது என்று சொல்லி விற்கட்டும். விலை சிறிது குறையும். குறையட்டும். சொன்ன பிறகு வாங்குபவர் ஏற்றுக்கொண்டால், அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

வேலைக்காக நம்மிடம் விடப்பட்ட வண்டி, எடுத்துக்கொண்டு போகும்வரை நம் கையில் அமானிதம். எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அது உண்மையில் அமானிதமாகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பட்டறையில் நிற்கும்வரை அதன் உடைமையாளர் வந்து பார்க்கலாம், கேட்கலாம், தொட்டறியலாம். சாலையில் இறங்கிவிட்டால், உறைகளுக்குள்ளும் வண்ணத்துக்குள்ளும் மறைந்து நிற்பதை அறிந்தவர் பூட்டியவர் ஒருவர்தான்.

இங்கே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிகழ்வதைக் கவனியுங்கள். விலை பேசி முடிந்தது, இருவரும் மகிழ்ச்சி, கைகுலுக்கிக்கொண்டார்கள். இரு தரப்பும் ஒத்துப்போய்விட்ட வியாபாரம். கண்ணாடி அசையாமல் படிந்துவிட்டது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாததால் வந்த ஒப்பு அது. ரசமட்டத்தைத் திருப்பி வைப்பதுபோல் இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்துப் பார்க்கலாம். விற்பவர் அந்த வண்டியில் தம் மகனை ஏற்றித் திண்டிவனம் வரை மழையில் அனுப்புவாரா? வாங்குபவர், உறைக்குள் இருப்பதை அறிந்தபின் அதே விலையைத் தருவாரா? குமிழி நடுவில் நின்றால் சரி.

கைதேர்ந்தவர்களிடம் வழக்கம் ஒன்று உண்டு. நிமிர்த்த முடியாதென்று கழித்த குழாயை அவர்கள் அப்படியே பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதில்லை. குரோம் இன்னும் பளபளக்கும் குழாயாயின் அது அங்கிருந்து வேறொருவர் கைக்குப் போய், துடைத்து, ஏறத்தாழ நேரானதுபோல் மீண்டும் ஏதோ ஒரு வண்டியில் ஏறிவிடும். ஆகையால் ஹாக்ஸா பிளேடை எடுத்து, வளைவின் நடுவே, அந்தக் குழாயை இரண்டு துண்டாக அறுத்த பின்னரே தூக்கிப் போடுகிறார்கள். எஃகு கடினமானது; அறுக்கக் கால்மணி நேரம் பிடிக்கிறது. அந்தக் கால்மணிக்குக் கூலி கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை.